அயர்லாந்துத் தெருவும் நம்முடைய மண்ணெண்ணெய்க் காரும்

(யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. அவசரத்தில் விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் நிற்கிற கார்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். இரண்டு ஒஸ்ரின் ஏ போட்டி (A40), மூன்று மொறிஸ் மைனர், ஒரு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். ஆறும் சொந்த எஞ்சினில் ஓடி வந்தவை, ஒன்றையும் கட்டி இழுத்து வரவில்லை. நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான். பழைய கார் என்றால் அது ஓடவேண்டும்.

2003இல் அயர்லாந்தில் அத்தாய் என்ற சின்னப் பட்டினத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவர்கள் ஒரு நூற்றாண்டு விழா எடுத்தார்கள். மண்டபத்துக்குள் படம் மாட்டி முடித்துக்கொண்ட விழா இல்லை, பழைய கார்களைக் கொண்டுவந்து தெருவில் ஓட்டினார்கள். 1903 ஜூலை 2ஆம் திகதி அதே தெருக்களில்தான் கோர்டன் பெனற் கிண்ணக் கார்ப் போட்டி நடந்தது.

அந்தப் போட்டி அயர்லாந்துக்குப் போனதற்கு ஒரு கதை இருக்கிறது. கிண்ணத்தைக் கொடுத்தவர் நியூயோர்க் ஹெரால்ட் பத்திரிகையின் முதலாளி ஜேம்ஸ் கோர்டன் பெனற். எந்த நாடு வெல்கிறதோ அந்த நாடுதான் அடுத்த போட்டியை நடத்தவேண்டும். ஒரு நாட்டுக்கு மூன்று கார்தான், காரின் ஒவ்வொரு உறுப்பும் அந்த நாட்டிலேயே செய்ததாக இருக்கவேண்டும். 1902இல் செல்வின் எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் வென்றுவிட்டார், ஆகவே அடுத்தது பிரித்தானியாவின் முறை. ஆனால் அங்கே அப்போது காருக்கு மணிக்கு 12 மைல் வேகம்தான் அனுமதி, பொதுத் தெருவில் றேஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் பாராளுமன்றத்தில், அப்போது பிரித்தானிய ஆட்சியில் இருந்த அயர்லாந்துக்கென்றே ஒரு தனிச்சட்டம் போட்டு அங்கே கொண்டுபோனார்கள். பிரித்தானிய றேஸ் கார்கள் பச்சை நிறம் பூசத் தொடங்கியது அயர்லாந்துக்குச் செய்த மரியாதை என்று சொல்வார்கள்.

அதற்கு ஐந்து வாரங்கள் முன்னால்தான் பாரிஸ் மட்ரிட் றேஸ் நடந்தது. ஊருக்கு ஊர் திறந்த தெருவில், புழுதிக்குள், தெருவை அடைத்து நின்ற சனத்துக்கு நடுவே ஓடினார்கள். ஓட்டியவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் செத்தார்கள், ரெனோ சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில்தான் இறந்தார். பாதி வழியில், போர்தோ பட்டினத்தோடு அந்த றேஸை நிறுத்திவிட்டார்கள். அதனால் அயர்லாந்தில் எல்லாமே பயந்து பயந்து செய்த ஏற்பாடு. எட்டு என்ற இலக்கத்தைப் போல இரண்டு வளையமாகத் தெருவை மூடி, வழி நெடுகப் பொலிஸை நிறுத்தி, ஏழு ஏழு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு காராக விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த ஏற்பாடு. பட்டினம் வந்ததும் றேஸ் கார் வேகத்தைக் குறைக்கவேண்டும், அதற்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் போவார், அந்தப் பெரிய எஞ்சின்கள் உறுமிக்கொண்டே அவருக்குப் பின்னால் ஊர்ந்து வரவேண்டும். பட்டினம் முடிந்ததும் மறுபடி பறக்கலாம். சைக்கிளிலேயே வளர்ந்த ஊர் எங்களுடையது, அந்தக் காட்சியை நாங்கள் கண்ணை மூடினாலே பார்க்கலாம்.

மொத்தத் தூரம் 527 கிலோமீற்றர். இங்கேயிருந்து கொழும்புக்குப் போய், திரும்பிப் புத்தளம் வரை வருகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாடுகள், பன்னிரண்டு கார்கள். அமெரிக்கரான வின்ரனின் கார் காபரேற்றர் பிரச்சினையால் புறப்படுகிற இடத்திலேயே மறித்துக்கொண்டு நின்றது. வென்றது யார் தெரியுமா? கமில் ஜெனற்சி என்ற பெல்ஜியக்காரர், செந்தாடிக்காரர். 1899இலேயே மின்சாரக் காரில் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டிய முதல் மனிதர் அவர். ஜெர்மனிக்காக மெர்சிடிஸ் ஓட்டினார். ஆனால் மெர்சிடிஸ்காரர் அந்தப் போட்டிக்கென்று செய்துவைத்த 90 குதிரைவலுக் கார்கள் எல்லாம் சில வாரங்களுக்கு முன் தொழிற்சாலைத் தீயில் எரிந்துபோய்விட்டன. தாங்கள் ஏற்கனவே விற்றுவிட்ட 60 குதிரைவலுக் கார்களை வாங்கியவர்களிடமே போய் இரவல் கேட்டார்கள். டின்ஸ்மோர் என்ற அமெரிக்கச் செல்வந்தர் தன்னுடைய காரைக் கொடுத்தார். அந்த இரவல் காரில்தான் ஜெனற்சி 6 மணித்தியாலம் 39 நிமிடத்தில் ஓடி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 79 கிலோமீற்றர், மர ஆரக்கால் வைத்த சில்லில், சைக்கிளைப் போலச் சங்கிலியால் சில்லைச் சுற்றுகிற காரில்! பக்கத்தில் மெக்கானிக் ஒருவரும் இருப்பார். பெயர் ஓட்டியவருக்குத்தான், ஆனால் மெக்கானிக் இல்லாமல் ஒரு காரும் ஓடவில்லை.

சரி, இதை ஏன் யாழ்ப்பாணத்தில் வந்து சொல்கிறேன்?

1990இல் சண்டை மறுபடி தொடங்கி, தடை வந்து, பெற்றோல் வராமல் போனது இங்கே பலருக்கு நினைவிருக்கும். அப்போது எங்களைக் காப்பாற்றியவை இந்தப் பழைய கார்கள்தான். இவற்றின் எஞ்சினில் அமுக்கம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைக் கொடுத்தாலும் ஓரளவு தாங்கும். இன்றைய எஞ்சின் தாங்காது. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே முதலில் கொஞ்சம் பெற்றோல் கொடுத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எங்கள் ஐயா மண்ணெண்ணெய் வருகிற செப்புக் குழாயை எஞ்சின் சூட்டுப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித்தான் காபரேற்றருக்குக் கொண்டுவருவார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும், ஆகவே விரலில் தொட்டு உரசிப் பார்த்தே ஒயில் மாற்றுவார். இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் படிக்கவில்லை.

1993இல் ஒருநாள் இரவு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி வந்துவிட்டது. ஐயாவின் ஏ போட்டியில் ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். கல்லுண்டாய் வெளியில் ஒரு பள்ளத்துக்காக வேகத்தைக் குறைத்ததும் கார் நின்றுவிட்டது. சுற்றிவர ஒரு வீடு இல்லை, காற்று மட்டும்தான். பற்றறிக்கும் தடை இருந்த காலம், ஆகவே ரோச் லைற் இல்லை, நல்லவேளை நிலவு இருந்தது. ஐயா பொனற்றைத் திறந்து ஒரு பிளக்கைக் கழற்றினார். கரி மூடிப்போய் இருந்தது. கத்தி நுனியால் சுரண்டி, சாரத் தலைப்பால் துடைத்து, திரும்பப் பூட்டினார். மூடியில் துளைபோட்ட சின்னப் போத்தலிலிருந்து காபரேற்றர் வாய்க்குள் பெற்றோல் பீச்சினார், இரண்டே இரண்டு பீச்சு, அவ்வளவுதான் இருந்தது. "இப்ப சுத்தடா தம்பி" என்றார். நான் முன்னால் நின்று ஹான்டிலைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்தது. பின்சீற்றில் அக்காவின் அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தது நின்றதா இல்லையா என்று தெரியவில்லை, எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. அன்று பிறந்த பிள்ளைக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது.

2002இல் தெற்குக்குப் போகிற ஏ9 தெரு திறந்தது. எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் இரண்டு பழைய கார்கள் தெற்குக்கு விலைப்பட்டுப் போயின. விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வீடு திருத்தக் காசு வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கார்களோடு சேர்ந்து அவற்றை ஓடவைத்த வித்தையும் போய்விடுகிறது என்பதுதான் எனக்கு மனதுக்குள் அரிக்கிறது. அயர்லாந்துக்காரர் ஒருநாள் நடந்த போட்டியை நூறு வருஷம் கழித்தும் அதே தெருவில் நினைத்துப் பார்த்தார்கள். நாங்கள் வருஷக்கணக்காக மண்ணெண்ணெயில் ஓடினோம், அதை ஒரு கொப்பியில்கூட எழுதிவைக்கவில்லை. எந்தக் கராச்சில் எந்த மெக்கானிக் எந்தக் குழாயை எப்படி வளைத்தார், பிஸ்ரன் ரிங் கிடைக்காதபோது என்ன செய்தார், பிரேக் ஒயில் இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தார் என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். அவர்களில் நாலு பேர் இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள். தேநீர் குடிக்கும்போது சும்மா விடாமல் பக்கத்தில் போய் இருங்கள், போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம் வருஷத்தில் ஒருநாளாவது இந்தக் கார்கள் எல்லாம் சேர்ந்து கல்லுண்டாய் வெளித் தெருவால் ஓடவேண்டும். வேகம் தேவையில்லை, முன்னால் ஒருவர் சைக்கிளில் போகட்டும்.

வாசலில் இடதுபக்கம் நிற்கிற ஏ போட்டி ஐயாவுடையதுதான். ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் கொஞ்சம் பெற்றோலும் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது ஹான்டில் போட்டுத்தான் எடுக்கப்போகிறேன், வாருங்கள். சின்னப்பிள்ளைகளை முன்னால் விடுங்கள், ஆனால் சைலன்சர் பக்கம் நிற்கவேண்டாம், புகை கொஞ்சம் அடிக்கும்.