ஓக் மரப் போரும் நம் பால்மரக் காடும்

பெரியவர்களே, ஆசிரியர்களே, பின்வரிசையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று பேச எடுத்துக்கொண்டது ஓர் அமெரிக்க நாவல். எம்மா புல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்'. 1987இல் வந்தது. அவருடைய முதல் நாவல். மறு ஆண்டே அறிவியல் புனைவு, மாயப் புனைவு நூல்களுக்குத் தரும் லோகஸ் விருது, சிறந்த முதல் நாவல் என்று அதற்குக் கிடைத்தது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், அதுவும் கோயில் மண்டபத்தில், இதைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று தலைவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் ஊரை வைத்து யாராவது எழுதியே தீர வேண்டிய ஒரு நாவல் இருக்கிறது. அதை எப்படித் தொடங்கலாம் என்பது இந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான்.

மினியாப்பொலிஸ் நகரம். எட்டி மெக்கேண்ட்ரி என்ற பெண் ஒரு ராக் இசைக்குழுவில் பாடுகிறாள், கிட்டார் வாசிக்கிறாள். அந்தக் குழுவை நடத்துபவன்தான் அவள் காதலன். ஒரு மதுக்கூடத்தில் நிகழ்ச்சி சொதப்பிவிடுகிறது. குழுவும் போயிற்று, காதலும் போயிற்று. (போகட்டும், அவன் ஒன்றும் பெரிய ஆளில்லை.) அன்றிரவு நிக்கொலெட் மால் என்ற கடைவீதியில் தனியாக நடந்து வருகிறாள். முதலில் ஓர் ஆள் பின்தொடர்கிறான், அப்புறம் ஒரு கறுப்பு நாய் துரத்துகிறது. இரண்டும் ஒருவன்தான். ஃபூக்கா என்று பெயர். அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் உருமாறித் திரியும் ஆவி அது.

ஊரில் இரண்டு மாயக் கூட்டங்கள். சீலி ஒன்று, அன்சீலி மற்றொன்று. நகரம் யாருக்கு என்று போர் நடக்கப்போகிறது. ஆனால் இரண்டு பக்கமும் சாகாதவர்கள். வெட்டினாலும் சாகாதவர்கள் மோதினால் போர் என்றைக்கு முடியும்? அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார் எம்மா புல். செத்துப்போகக்கூடிய மனிதர் ஒருவர் களத்தில் இருந்தால்தான் அங்கே காயம் காயமாகும், சாவு சாவாகும். அந்த ஒரு மனிதராக இருக்கத்தான் எட்டியைப் பிடிக்கிறார்கள். அவளைக் கேட்கவில்லை. கேட்காமலே ஆள் சேர்ப்பது எப்படி என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்த கங்காணி நம் கொள்ளுத்தாத்தாக்களிடம் கேட்டது மாதிரிதான் கேட்டார்கள்.

மாயம் என்றால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைக்கிறோம். என்ன வேண்டுமானாலும் நடக்கும் கதையில் யாருக்கும் பயம் வராது. இந்த நாவலில் பயம் வருகிறது. மின்னஹஹா அருவிப் பூங்காவில் நடக்கும் முதல் போரில் விழுகிறவர்கள் எழுந்திருப்பதில்லை. தான் அங்கே நிற்பதால்தான் அவர்கள் சாகிறார்கள் என்பது எட்டிக்குத் தெரியும். அரசர்களும் அரசிகளும் மோதும் இடத்தில், வாடகை கட்டக் கஷ்டப்படும் ஒரு பாடகி இல்லாமல் எதுவும் நடக்காது என்று வைத்தாரே, அங்கேதான் இந்த நாவலுக்கு உயிர் வருகிறது.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போர் ஒரு பக்கம் கிடக்க, எட்டி புதிதாக ஒரு குழு சேர்க்கிறாள். டிரம்ஸுக்குத் தோழி கார்லா இருக்கிறாள். கீபோர்டுக்கு ஆள் கிடைக்கிறது. லீட் கிட்டாருக்கும் பேஸுக்கும் வருகிறவர்கள் மனிதர்களே இல்லை என்பது பிறகு தெரியவருகிறது. ஒத்திகைதான் பக்கம் பக்கமாக நடக்கிறது. எந்தப் பாட்டை முதலில் எடுப்பது, யார் எங்கே நுழைவது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பொறுமையில்லாத வாசகர்கள் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். கடைசி மோதல் வாளால் நடப்பதில்லை, மேடையில் பாட்டால் நடக்கிறது. ஒத்திகையைப் படித்தவருக்குத்தான் அந்த வெற்றி நம்பும்படி இருக்கும்.

சரி, எழுதியவர் யார்? எம்மா புல் 1954இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். விஸ்கான்சினில் பெலாய்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர். மினியாப்பொலிஸ் அவருக்கு வந்து சேர்ந்த ஊர். வந்து சேர்ந்தவர்கள் ஒரு ஊரை உற்றுப் பார்ப்பார்கள். பிறந்து வளர்ந்தவர்கள் பல நேரம் பார்ப்பதே இல்லை. அவர் இருந்த காலத்தில் அந்த நகரம் இசையில் கொதித்துக்கொண்டிருந்தது. பாடகர் பிரின்ஸ் அந்த ஊர்க்காரர். 1984இல் வந்த அவருடைய 'பர்ப்பிள் ரெய்ன்' படத்தின் மேடைக் காட்சிகள் அங்குள்ள ஃபர்ஸ்ட் அவென்யூ அரங்கில் எடுக்கப்பட்டவை. எம்மா புல்லும் பாடுகிறவர்தான். கேட்ஸ் லாஃபிங் என்ற குழுவில் இருந்தார். நாவலில் எட்டி பாடும் பாட்டுகள் சிலவற்றை அந்தக் குழு உண்மையிலேயே பாடியது.

அவர் தனியாக எழுதிக் கிழித்தார் என்று நினைக்க வேண்டாம். ஸ்கிரிப்ளீஸ் என்று ஓர் எழுத்தாளர் வட்டம் அங்கே இருந்தது. அவருடைய கணவர் வில் ஷெட்டர்லி, ஸ்டீவன் பிரஸ்ட், பமீலா டீன், பட்ரீஷியா ரீடி எல்லாம் அதில் இருந்தவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். நாவலுக்கு முன்பே, லியாவெக் என்ற ஒரு கற்பனை நகரத்தை வைத்துப் பல பேர் எழுதிய சிறுகதைகளைக் கணவனும் மனைவியும் சேர்ந்து தொகுக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஊரில் கவிதை வாசித்தால் கைதட்டி, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். மூன்றாம் பத்தி தொய்கிறது என்று சொல்ல ஆளில்லை. இதைச் சொன்னதற்காக இன்று எனக்குப் பொன்னாடை கிடைக்காமல் போனால் பரவாயில்லை.

இனி நம் பக்கம் வருவோம். ஃபூக்கா அயர்லாந்துக்காரன். சீலி, அன்சீலி இரண்டும் ஸ்காட்லாந்துக் கதை. இவர்கள் எல்லாம் மினசோட்டா மாநிலத்தில் என்ன செய்கிறார்கள்? நம் முனியாண்டியும் மதுரைவீரனும் பேராக்கில் என்ன செய்கிறார்களோ அதைத்தான். சனம் கப்பலேறியபோது சாமியும் ஏறியது. தோட்டத்து எல்லையில் ஒரு மரத்தடி, ஒரு அரிவாள், ஒரு சூலம், அவ்வளவுதான் கோயில். தோட்டத்தின் பால்மரம், அதாவது ரப்பர் மரம்கூட வெளியூர்தான். 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம். பிரேசிலில் முளைத்த மரம், தமிழ்நாட்டுச் சாமி, தோட்டத்தை நடத்திய ஆங்கிலேயத் துரை. இதற்கு மேல் கற்பனைக்கு என்ன வேண்டும்?

விதிகளும் நம்மிடம் தயாராக இருக்கின்றன. சாலையோரத்துக் காவல் தெய்வம் டத்தோ கோங்குக்குப் பன்றி இறைச்சி படைக்கக் கூடாது. சீனர்கள் கும்பிடுகிறார்கள், ஆனால் சாமி மலாய்க்காரர். முனியாண்டிக்குச் சுருட்டு வேண்டும். சிலையைப் பெயர்ப்பதானால் பாலாலயம் செய்து சக்தியைக் கும்பத்தில் இறக்கிய பிறகுதான் கை வைக்கலாம். பாலாலயம் செய்யாமலே தோட்டம் கைமாறி, மரம் சாய்ந்து, அதன் மேல் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, எழும்பியிருந்தால்? இரண்டாவது வரிசை வீட்டில், புது டைல்ஸுக்கு அடியில் யார் இருக்கிறார்? முதல் அத்தியாயம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இப்படி எழுதினால் படிப்பார்களா என்று கேட்கலாம். மலேசியரான ஸென் சோ 2021இல் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' என்ற ஆங்கில நாவலைப் பினாங்கில் வைத்தே எழுதினார். பாட்டியின் ஆவி, ஒரு கோயில், அதை இடிக்கப் பார்க்கும் முதலாளி. உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். தமிழில் தோட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பெரும்பாலும் துயரமாகவே எழுதினோம். துயரம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இரவு பத்து மணிக்கு மேல் கிழவிகள் சொன்ன கதைகளை ஏன் எழுத்தில் விட்டுவிட்டோம்?

போர் வேண்டுமா? 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்த் தோட்டங்களில் மூன்று துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து தொடங்கிய, கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த 1960இல்தான், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் சனம் வீடிழந்து நின்றபோது, இதே ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் காசு சேர்த்துத் துரையின் தோட்டத்தையே வாங்கினார்கள். நாவலில் எழுதினால் மிகை என்பார்கள். ஆனால் நடந்தது.

எம்மா புல்லிடம் எனக்கு ஒரு குறை உண்டு. மினியாப்பொலிஸ் டக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். அயர்லாந்து ஆவியும் ஸ்காட்லாந்து அரசியும் அருவியோரம் மோதிக்கொள்கிறார்கள். அந்த அருவியை அவர்களுக்கு முன்பே தெரிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற கேள்வி கதையின் நடுவுக்கு வருவதே இல்லை. நகரம் யாருக்கு என்பதைப் பற்றிய நாவலில் இது சின்ன விடுபடல் இல்லை.

நாமும் அதையே செய்வோம் என்றுதான் பயப்படுகிறேன். நம் ஊருக்கு அருகில் லாசா பக்கம் போனால் தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். முனியாண்டிக்கும் துரைக்கும் முன்பே இங்கே இருந்தவர்கள். அவர்களுடைய வைத்தியர்களுக்குக் கனவில் ஆவிகள் பாட்டைக் கொடுக்கும். அந்தப் பாட்டை ஊரே திரும்பப் பாடி, நோயாளியைக் குணமாக்குவார்கள். எட்டியின் மேடைப் பாட்டைவிட இது பல மடங்கு பழையது. அதற்காக, வேண்டிய இடத்தில் ஒரு தெமியார் கிழவரை நிறுத்தி மந்திரம் சொல்ல வைத்துவிட்டு நகர்வதும் கூடாது. எழுதப்போகிறவர் அங்கே போக வேண்டும், உட்கார வேண்டும், எதை எழுதலாம் எதை எழுதக் கூடாது என்று அவர்களிடமே கேட்க வேண்டும். எட்டியிடம் யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா.

நம் ஊர்ப் போரில் களத்தில் நிற்கும் அந்த ஒரு மனிதர் யார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கோயில் தலைவர் வேண்டாம், மன்னிக்கணும் தலைவரே. விடிவதற்கு முன் தொழிற்சாலை பஸ்ஸுக்காகச் சாலையில் நிற்கிற ஒரு பெண் என் கணக்கு. செம்பனைத் தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, என்று என் மனைவி சொல்கிறார். உங்களுக்கு வேறு ஆள் தோன்றினால் சொல்லுங்கள், தேநீர் வருவதற்குள் கொஞ்ச நேரம் இருக்கிறது. பின்வரிசைத் தம்பி கை தூக்கியிருக்கிறார், அவரிடமிருந்து தொடங்கலாம்.