எரிந்து விழுகிற பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். மனச்சோர்வு என்றதும் நம் மனதில் வருவது மூலையில் உட்கார்ந்து அழுகிற பிள்ளைதான். ஆனால் பதின்ம வயதில் அது பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். எடுத்தெறிந்து பேசுவது, கதவை அறைந்து சாத்துவது, எதற்கும் எரிச்சல். இந்த வயதினருக்குச் சோகத்தின் இடத்தில் எரிச்சலையே அறிகுறியாகக் கொள்ளலாம் என்று மருத்துவர்களின் நோயறிதல் கையேடே சொல்கிறது. நாமோ அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துத் திட்டித் தீர்க்கிறோம்.

சரி, வயசுக் கோளாறு எது, நோய் எது? இரவு தூக்கம் தள்ளிப்போவது இந்த வயதின் இயல்பு. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் சரியில்லாமல் இருந்து, உயிராக நினைத்த விளையாட்டும் அலுத்து, சாப்பாடு, படிப்பு, நட்பு எல்லாம் சேர்ந்து சரிந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

"உனக்கு என்ன குறை வைத்தோம்?" இந்த ஒரு கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தேவையில்லாத குற்ற உணர்வு இந்த நோயிலேயே இருக்கிறது. அதன்மேல் நாமும் ஏற்றக் கூடாது. கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: "கொஞ்ச நாளாக நீ யாரோடும் பேசுவதில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது." அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். நமக்கு அதுதான் கஷ்டம், தெரியும்! முகத்துக்கு நேரே உட்காரவைத்துக் கேட்பதைவிட, சேர்ந்து நடக்கும்போது பேச்சு எளிதாக வரும்.

பெற்றோர் மிகவும் பயப்படுவது இன்னொரு கேள்விக்கு. "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், உபதேசமும் வேண்டாம். தனியாக விடாதீர்கள். வீட்டிலிருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவ உதவிக்குப் போங்கள்.

லேசான சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தீவிரமானால் மருந்தும் தேவைப்படும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் சில பிள்ளைகளுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் 2004-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. அதற்காக மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அந்த நாட்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், மாற்றம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிரிக்க ஆரம்பித்துவிட்டானே என்று மாத்திரையை நீங்களாகப் பாதியில் நிறுத்தாதீர்கள்.