கப்பல் அரிசி கொண்டுவரும், விதை கொண்டுவருமா?

(கூட்டத்தில் பேசியதை அப்படியே எழுதித் தரச் சொன்னார்கள். அப்படியே என்றால் நடுநடுவே தொண்டையைச் செருமியதையும் எழுத வேண்டிவரும். அதை மட்டும் விட்டுவிட்டேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு நிம்மதியாக அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மையார் அவர்களே, வேளாண் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றும் ஓய்வெடுக்காமல் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐயா அவர்களே, கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளே, தானிய வியாபாரம் செய்யும் நண்பர்களே (நீங்கள் வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் உங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசப் போகிறேன்), பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு பட்டம் என்னிடம் இல்லை. தலைவர் அன்பு மிகுதியால் கொடுத்தது, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

தலைப்பு, இயற்கைப் பேரிடர்கள் ஒரு நாட்டின் விவசாயத்தையும் உணவு வணிகத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்பது. ஐந்து விஷயம் சொல்வதாகக் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, வயலில் நிற்கும் பயிர். இரண்டு, விதை. மூன்று, விளைந்தது போகிற வழி, அதாவது சாலை, ஆறு, துறைமுகம். நான்கு, சந்தையும் ஏற்றுமதித் தடையும். ஐந்து, கடனும் காப்பீடும். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் இரண்டாவதிலேயே உட்கார்ந்துவிடுவேன். முயன்று பார்க்கிறேன்.

எங்கே பேசினாலும் நான் விடாமல் சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. வெள்ளம் வருமுன்னே அணை கோல வேண்டும். போன கூட்டத்தில் இதை நான்கு முறை சொன்னேன் என்று ஒருவர் எண்ணி வைத்துச் சொன்னார். இன்றைக்கும் எண்ணுங்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதைக்குப் போகலாம். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் பேரிடர்களால் உலகம் இழந்த பயிர், கால்நடை உற்பத்தியின் மதிப்பு சுமார் 3.8 லட்சம் கோடி டாலர் என்கிறது. ஆண்டுக்குச் சராசரி 12,300 கோடி டாலர். உலக வேளாண்மை ஓராண்டில் ஈட்டுகிற மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதம். பெரிய எண்கள்தான். ஆனால் இவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டால் மனுசனுக்கு ஒன்றும் உறைக்காது. வாழைப்பழம் என்றால் உறைக்கும். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2006, மார்ச் 20. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இன்னிஸ்ஃபெயில் என்று ஓர் ஊர். வாழைக்கும் கரும்புக்கும் பேர்போன பகுதி. அன்று காலை ‘லேரி’ என்ற புயல் அங்கே கரையேறுகிறது. வாழை மரம் என்று நாம் சொல்கிறோமே தவிர அது மரமே இல்லை. உரித்துக்கொண்டே போனால் பட்டை பட்டையாக வரும், நடுவில் கட்டை என்று எதுவும் கிடையாது. மேலே ஆளுயர இலைகள், பக்கத்தில் தொங்குகிற தார். காற்றுக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்குமா? நாட்டின் வாழை விளைச்சலில் 80 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரே புயலில் போய்விட்டது. தோப்பெல்லாம் பாய் விரித்ததுபோல ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது.

சரி, போனால் என்ன, பக்கத்து நாட்டிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வியாபார நண்பர்கள் இப்போதே தலையாட்டுகிறார்கள். அங்கேதான் சிக்கல். வெளியிலிருந்து பழம் வந்தால் கூடவே நோயும் வரும் என்று பயந்து, பச்சை வாழைப்பழ இறக்குமதியை அவர்கள் அண்ட விடாமலே வைத்திருந்தார்கள். பிலிப்பைன்ஸ் வருடக்கணக்காகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், வாழை நோய் ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் லேசில் போகாது. ஆக, உள்ளேயும் பழம் இல்லை, வெளியிலிருந்தும் வராது. கிலோ இரண்டு மூன்று டாலருக்கு விற்றது 10 டாலரைத் தாண்டிப் போயிற்று. குழந்தையின் பள்ளிக்கூடப் பையில் போட்டு அனுப்புகிற சாதாரணப் பழம், கடையில் எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற பொருளாகிவிட்டது. இதைவிட வேடிக்கை அடுத்தது. அந்த நாட்டு விலைவாசிக் குறியீட்டையே வாழைப்பழம் தூக்கிவிட்டது. மத்திய வங்கி பணவீக்கம் பற்றிப் பேசும்போது, ‘வாழைப்பழத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இவ்வளவு’ என்று தனிக்கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கோட்டு சூட்டுப் போட்ட பொருளாதார நிபுணர்கள் வட்டமாக உட்கார்ந்து வாழைப்பழத்தைக் கழித்துக் கூட்டுவதை நினைத்துப் பாருங்கள்! (இந்த இடத்தில் கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், அதனால் இதையும் எழுதுகிறேன்.)

கதை முடியவில்லை. விழுந்த வாழையின் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது. புயல் மேலே இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டது. கிழங்கிலிருந்து கன்று வெடித்தது, ஒரு வருடத்துக்குள் தார் வந்துவிட்டது. எல்லாத் தோப்பும் ஒரே நாளில் விழுந்ததால் எல்லாக் கன்றும் ஒரே சமயத்தில் வளர்ந்து, எல்லாத் தாரும் ஒரே சமயத்தில் சந்தைக்கு வர, இந்த முறை விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. புயலில் ஒருமுறை அடி வாங்கிய விவசாயி, விளைச்சலில் இன்னொரு முறை அடி வாங்கினார்.

ஐந்தே வருடத்தில் அதே கரைக்கு இன்னொரு புயல் வந்தது. 2011 பிப்ரவரி, ‘யாசி’, லேரியைவிடப் பெரியது. ஆனால் இந்த முறை சில விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? புயல் வருவதற்கு முன்னாலேயே தோப்புக்குள் இறங்கி, வாழை இலைகளைத் தாங்களே வெட்டித் தள்ளிவிட்டார்கள். இலை இல்லாத வாழையில் காற்றுக்குப் பிடிமானம் இல்லை. மொட்டையாக நின்ற வாழைகள் பல தப்பித்து, மற்றவற்றுக்கு முன்னால் காய்த்தன. சாய்ந்த தோப்புகளிலும் எல்லாக் கன்றையும் ஒரே சமயத்தில் விடாமல், முன்பின்னாக வளரவிட்டு, தார் தவணை தவணையாக வரும்படி பார்த்துக்கொள்கிற முறையைக் கையாண்டார்கள். வெள்ளம் வருமுன்னே அணை கோலுவது என்றால் இதுதான். இரண்டாவது முறை, எண்ணுகிறவர் எண்ணிக்கொள்ளலாம்.

இந்தக் கதையை நான் இவ்வளவு நேரம் சொன்னது வாழைப்பழத்துக்காக இல்லை, கிழங்குக்காக. அடுத்த பயிருக்கான உயிர் மண்ணுக்கடியில் புயல் தொட முடியாத இடத்தில் இருந்தது, அதனால் அவர்கள் ஒரு வருடத்தில் எழுந்துவிட்டார்கள். எல்லாப் பயிருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. மடகாஸ்கரில் 2017 மார்ச்சில் ‘எனாவோ’ புயல் வனிலாக் கொடிகளைப் பிய்த்துப் போட்டது. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த விலை கிலோ 600 டாலரைத் தொட்டது, வெள்ளிக்கு ஈடான விலை. புதுக் கொடி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும், அதுவரை விலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நெல், கோதுமை, பயறு விதைக்கிறவர் நிலை வேறு மாதிரி. அவருடைய விதை வீட்டு மூலையில் மூட்டையில் இருக்கிறது. வெள்ளம் வயலுக்குள் வருகிற அன்றைக்கே அந்த மூலைக்கும் வந்துவிடுகிறது.

நனைந்த விதை மூட்டையை யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டாம் நாள் உள்ளே கையை விட்டால் சுடும். மூன்றாம் நாள் புளித்த வாடை வரும். வெளிப்பக்கம் இருப்பது வெள்ளையாக முளை காட்டும், நடுவில் இருப்பது கறுத்துக் கட்டியாகிவிடும். சாப்பிடவும் ஆகாது, விதைக்கவும் ஆகாது. 2008 மே 2ஆம் தேதி ‘நர்கிஸ்’ புயல் மியான்மரின் ஐராவதி டெல்டாவில் ஏறியபோது நடந்தது இதுதான். லட்சத்துக்கு மேல் மனித உயிர் போனது, அந்தத் துயரத்தின் முன் மற்றது எதுவும் பெரிதில்லை. ஆனால் உயிர் பிழைத்தவர் அடுத்த மாதமே மழைப் பருவ நெல்லை விதைத்தாக வேண்டும். விதையும் போயிற்று, உழுகிற எருமையும் போயிற்று, வயலில் கடல்நீர் நின்றது. நிவாரணமாக அரிசி வந்தது. அரிசியைப் பொங்கலாம், முளைக்க வைக்க முடியுமா? உமியோடு கருவும் தீட்டுப்பட்டுப் போன பிறகு அது வெறும் உணவு.

இங்கேதான் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பேரிடருக்குப் பிறகு கப்பல் சாப்பாட்டுக்குத் தானியம் கொண்டுவரும், காசிருந்தால். அந்தந்த மண்ணுக்குப் பழகிய விதையை விதைப்பு நாளுக்குள் கொண்டுவராது. சாப்பாட்டுத் தானியமும் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. 2010இல் ரஷ்யாவில் கடும் வெப்பம், வறட்சி, காட்டுத் தீ. முந்தைய ஆண்டு சுமார் 9.7 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 6.1 கோடி டன் அளவுக்கு இறங்கியது. ஆகஸ்ட் 15இல் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள், அடுத்த ஆண்டு ஜூலை வரை அது நீடித்தது. அவர்களை நம்பி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த எகிப்து வேறு கடை தேடி ஓடியது. இந்தியா 2022இல் மார்ச் மாத வெப்பத்தில் கோதுமை சூம்பிப் போனதும் மே மாதம் ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் வைத்திருந்த நாடு கதவைச் சாத்தினால் வாங்குகிறவன் என்ன செய்வான்? தடை போட்டவர்களை நான் திட்டவில்லை, தன் மக்கள் வயிற்றைத்தான் எந்த அரசும் முதலில் பார்க்கும். அவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டே நாம் சும்மா இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

வழி பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். 2019 மார்ச்சில் ‘இடாய்’ புயல் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தை அடித்தபோது அறுவடைக்கு நின்ற மக்காச்சோளமும் போயிற்று, கடலே இல்லாத ஜிம்பாப்வேக்கும் மலாவிக்கும் சரக்கு போகிற வாசலும் அடைபட்டது. 2023 வறட்சியில் பனாமா கால்வாய்க்குத் தண்ணீர் தருகிற காட்டூன் ஏரி வற்றியதால், நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் 22 வரை குறைத்தார்கள். வறட்சி ஓரிடத்தில், தானியக் கப்பல் காத்துக் கிடப்பது இன்னோரிடத்தில். இதை விரித்தால் இன்னொரு சொற்பொழிவு ஆகிவிடும்.

விதைக்கே வருகிறேன், மன்னியுங்கள். ஒடிசாவில் ஒரு நாட்டு நெல் இருந்தது, ‘எஃப்.ஆர்.13ஏ’ என்று பெயர். விளைச்சல் சுமார்தான், சந்தையில் கேட்பாரில்லை. ஆனால் முழுதாகத் தண்ணீருக்குள் மூழ்கி இரண்டு வாரம் கிடந்தாலும் சாகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளராமல், சக்தியைச் செலவழிக்காமல் காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். யாரோ அதை எடுத்துப் பாதுகாத்து வைத்தார்கள். விஞ்ஞானிகள் அந்தக் குணத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்து, பரவலாகப் பயிராகிற ‘ஸ்வர்ணா’ நெல்லில் சேர்த்தார்கள். 2009இல் இந்தியாவில் ‘ஸ்வர்ணா சப்1’ வெளியானது. கேட்பாரில்லாத நெல்லை அன்றைக்கு யாரோ குப்பை என்று தூக்கிப் போட்டிருந்தால்? வெள்ளம் வருமுன்னே அணை கோல வேண்டும் என்றால் கல்லும் சிமெண்டும் மட்டும் அணை இல்லை, ஒரு பானை விதைநெல்லும் அணைதான். மூன்று.

அதனால்தான் சில வருடங்களாக ஒரே விஷயத்தைக் கேட்டு மேடை மேடையாக ஏறிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக்கும், வெள்ளம் ஏறாத மேட்டில், ஒரு விதைக் களஞ்சியம் வேண்டும். பெரிய கட்டடம் கேட்கவில்லை. தரையிலிருந்து உயர்த்திய மேடை, காற்று போகிற சுவர், எலி நுழையாத கதவு. அந்தப் பகுதியில் ஒரு பருவம் மறுபடி விதைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விதை, பல்லில் வைத்துக் கடித்தால் ‘டக்’கென்று உடைகிற அளவுக்குக் காய்ந்தது. மாதம் ஒருமுறை நூறு விதையை ஈரத்துணியில் வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள், எண்பதுக்குக் கீழே போனால் மாற்றுங்கள். வாங்கிக்கொண்டு போகிறவர் அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்பித் தரட்டும். மேட்டில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தேசிய விதை வங்கிக்குள்ளேயே 2006 புயலில் வெள்ளமும் சேறும் புகுந்தது. 2012இல் தீயும் பிடித்தது. அதனால் ஒரே இடத்தில் வைக்காதீர்கள், பத்து இடத்தில் வையுங்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். ‘ஐந்து நிமிடம்’ என்று எழுதியிருக்கிறது, அதில் மூன்று நிமிடம் அவரைப் புகழ்வதற்கு வேண்டும், ஏனென்றால் இந்த அரங்கைக் கட்டணமில்லாமல் ஏற்பாடு செய்தவர் அவர். கடனும் காப்பீடும் பற்றி நான் பேசவில்லை என்று முன்வரிசை ஐயா விரலை உயர்த்துகிறார். உண்மைதான் ஐயா. கால்நடை, மீன் பற்றியும் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் நீங்களே பேசுங்கள், நான் கீழே உட்கார்ந்து எண்ணுகிறேன்.

களஞ்சியம் கேட்டு எழுதிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது, பக்கத்திலேயே கையெழுத்து நோட்டு. பேனா ஒன்றுதான் இருக்கிறது, அது என்னுடையது. எழுதிவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.