அடைக்கலம் கொடுத்த ஐந்து ஏக்கர்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலியில் உட்காராத செயலாளர் அவர்களே, வார இறுதிப் பள்ளியின் தலைமை ஆசிரியை அவர்களே, நமக்கெல்லாம் மதிய உணவு வழங்கிய நன்கொடையாளர் குடும்பத்தினரே, தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல் முன்வரிசையில் சிரித்த முகம் மாறாமல் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். என்னை அறிமுகப்படுத்தியவர் வரலாற்று அறிஞர் என்று சொல்லிவிட்டார். மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். விடுமுறை நாளில் சேற்றில் நடப்பவன், அவ்வளவுதான்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். நாம் வாழும் இந்த ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பூர்வகுடிகளான நாரகான்செட் மக்கள் சதுப்பு நிலத்துக்குள் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பது ஒன்று. 1675 டிசம்பர் 19 அன்று அங்கே என்ன நடந்தது என்பது இரண்டு. குவாயாபென் என்ற அரசியின் கற்கோட்டை மூன்று. அப்புறம், வழக்கம்போல ஒரு கோரிக்கை.

என் பாட்டி எதற்கெடுத்தாலும் சொல்லும் பழமொழி, இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான். தலைவர் இப்போதே சிரிக்கிறார். நான் அதைச் சொல்லாமல் மேடை இறங்கியதில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த மண்ணின் கதைக்கு அது பொருந்துகிறதே, நான் என்ன செய்ய? ஆங்கிலேயரின் மாசசூசெட்ஸ் காலனி, ரோஜர் வில்லியம்ஸ் என்ற பாதிரியாரை நாடு கடத்தியது. பனியில் அலைந்து வந்த அந்த மனிதருக்கு 1636இல் நிலம் கொடுத்தவர்கள் கனோனிகஸ், மியாண்டனோமி என்ற நாரகான்செட் தலைவர்கள். நாம் இன்று கூடியிருக்கும் பிராவிடன்ஸ் அப்படித்தான் பிறந்தது. வில்லியம்ஸ் மடத்தைப் பிடுங்கியவர் அல்ல. இவர்கள் மொழியைக் கற்று 1643இல் அதைப் பற்றி நூலே வெளியிட்டார். பிடுங்கியவர்கள் பின்னால் வந்தார்கள்.

நிலம் கொடுத்த அடுத்த ஆண்டே, 1637இல், மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வாட் என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் கோட்டையை ஆங்கிலேயர் குழந்தை குட்டிகளோடு கொளுத்தினார்கள். அன்று ஆங்கிலேயர் பக்கம் நின்றவர்களில் நாரகான்செட் வீரர்களும் உண்டு. இப்படியா சண்டை போடுவது, இத்தனை பேரையா கொல்வது என்று அவர்கள் அங்கேயே முறையிட்டதை ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். தங்களுக்கும் அதே கதி வரக்கூடும் என்று அன்று யாராவது நினைத்திருப்பார்களா?

1675 கோடையில் வாம்பனோக் என்ற பக்கத்துப் பூர்வகுடி மக்களின் தலைவர் மெட்டாகாமுக்கும் ஆங்கிலேயக் காலனிகளுக்கும் போர் மூண்டது. நாரகான்செட் மக்கள் ஒதுங்கியே நின்றார்கள். ஆனால் வாம்பனோக் பெண்களும் முதியவர்களும் காயம்பட்டவர்களும் இவர்களிடம் ஓடி வந்தார்கள். அவர்களை ஒப்படைக்கச் சொல்லி ஜூலையில் ஓர் ஒப்பந்தம், அக்டோபரில் பாஸ்டனில் இன்னொன்று. கெடு தாண்டியும் யாரையும் ஒப்படைக்கவில்லை. ஒரு வாம்பனோக் ஆளை மட்டுமல்ல, அவர்களுடைய நகத்துணுக்கைக்கூடத் தரமாட்டோம் என்று இளந்தலைவர் கனோன்செட் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். போன இலையுதிர் காலத்தில் சில குடும்பங்களைத் தெற்கு கிங்ஸ்டவுனில் இருக்கும் அந்தச் சதுப்புக்கு அழைத்துப் போனேன். புளியோதரை, தயிர்சாதம், ஊறுகாய், மூன்று குடை, ஒரு கிரிக்கெட் மட்டை. மட்டை எதற்கு என்று இதுவரை விளங்கவில்லை. கூட்டத்தில் மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரும் இருந்தார். செஞ்சிப் பக்கத்து விவசாயி. கோட்டை என்று சொன்னதும் ராஜகிரியை எதிர்பார்த்துவிட்டார். மரங்களுக்கு நடுவே நடந்து, 1906இல் நட்ட கருங்கல் தூணும் சுற்றிலும் காலனிகளின் பெயர் பொறித்த கற்களும் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றோம். அவர் நாலா பக்கமும் பார்த்தார். "ஏன் தம்பி, கோட்டைன்னு சொன்னீங்க. மதில் எங்க? அகழி எங்க?"

"ஐயா, நாம் தாண்டி வந்ததே அகழிதான்" என்றேன். சதுப்புக்கு நடுவில் ஏறக்குறைய ஐந்து ஏக்கர் மேட்டு நிலம். அதைச் சுற்றி நட்ட மரக்கழிகள். அதற்கு மேலும் அரணாகப் பல அடி அகலத்துக்கு முள்ளும் புதருமாக வேலி. உள்ளே நூற்றுக்கணக்கான குடில்கள், குளிர்காலம் முழுவதற்குமான மக்காச்சோளம். நுழைய வேண்டுமென்றால் தண்ணீருக்கு மேல் கிடக்கும் ஒற்றை மரத்தின் மேல் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். எல்லாவற்றையும் விளக்கினேன். பிள்ளைகள் ஊறுகாய்க்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மட்டும் தரையைக் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "சரி தம்பி. இந்த ஊர்ல மார்கழியில தண்ணி உறைஞ்சுடுமே, அப்ப?"

பாருங்கள்! பெரிய தளபதிகள் யோசிக்க வேண்டியதை அவர் ஒரு வினாடியில் கேட்டுவிட்டார். அதுதான் நடந்தது. அந்த ஆண்டு குளிர் கடுமை. சதுப்பு இறுகிப்போய் அகழியே பாதையாகிவிட்டது. பிளிமத் ஆளுநர் ஜோசையா வின்ஸ்லோ தலைமையில் மாசசூசெட்ஸ், பிளிமத், கனெக்டிகட் காலனிகளின் ஏறக்குறைய 1,000 பேர், கூடவே அவர்கள் பக்கம் நின்ற மோஹீகன், பீக்வாட் பூர்வகுடி வீரர்கள். முந்தின இரவு பனியில் வெட்டவெளியில் படுத்தவர்கள். பிடிபட்ட ஓர் ஆள் வழிகாட்ட, வேலி இன்னும் கட்டி முடிக்காத ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் நுழைந்தவர்கள் சுடப்பட்டு விழுந்தார்கள். அப்புறம் கூட்டமாகப் புகுந்து தீ வைத்தார்கள். கொளுத்தாதீர்கள், நம் காயக்காரர்களுக்கே இன்றிரவு இந்தக் குடில்கள் வேண்டும் என்று ஆங்கிலப் படையிலிருந்த பெஞ்சமின் சர்ச் தடுத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. சோளமெல்லாம் சாம்பல். தீ வைத்தவர்களும் அந்த இரவே பனிப்புயலில் விக்ஃபோர்டுக்குத் திரும்பி நடந்தார்கள். காயம்பட்டவர்களில் பலர் வழியிலேயே போய்விட்டார்கள்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான். பாட்டி பிடுங்குவதோடு நிறுத்திவிட்டாள், எரிப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. அதுவரை ஒதுங்கி நின்ற நாரகான்செட் மக்கள் அதற்குப் பிறகுதான் முழுமூச்சாகப் போரில் இறங்கினார்கள். 1676 மார்ச்சில் பிராவிடன்ஸே எரிந்தது. ஏப்ரலில் கனோன்செட்டைப் பிடித்துக் கொன்றார்கள்.

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார், ஐந்து நிமிடமாம். குவாயாபென் அரசியை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன், அவர் பொறுத்துக்கொள்வார். கோரிக்கையை மட்டும் விடமாட்டேன்.

தலைமை ஆசிரியை அவர்களே, நம் பள்ளியில் பிள்ளைகள் செஞ்சியும் வேலூரும் படிக்கிறார்கள். படிக்கட்டும். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தன் வீட்டுக்கு அடியில் யார் மண் இருக்கிறது என்று ஒரு பாடமாவது வேண்டாமா? நாமும் இடம் கேட்டு வந்தவர்கள்தானே! அந்த மக்கள் அழிந்துவிட்டார்கள் என்று இங்கேயே பலர் நினைக்கிறார்கள். 1880இல் மாநிலமே அவர்களை இனமாக ஏற்க மறுத்துச் சட்டம் போட்டு, எஞ்சிய நிலத்தை 5,000 டாலருக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் போகவில்லை. 1978இல் 1,800 ஏக்கரைத் திரும்பப் பெற்றார்கள். 1983இல் மத்திய அரசின் அங்கீகாரம். 2021இல் அந்தச் சதுப்புக்குள் இருக்கும் ஐந்து ஏக்கரை ரோட் ஐலண்ட் வரலாற்றுச் சங்கம் அவர்களிடமே ஒப்படைத்தது. செத்தவர்களை நினைத்து அவர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள்.

ஆகவே சங்கம் ஆண்டுக்கு ஒரு பேருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். முதலில் டொமாக்வாக் அருங்காட்சியகத்துக்கு. 1958இல் தொடங்கி, பூர்வகுடி மக்களே நடத்துவது. கட்டணம் கொடுத்து அவர்கள் வாயாலேயே கதையைக் கேட்போம், என் வாயால் வேண்டாம். அப்புறம் சதுப்பு. அது அவர்கள் நிலம், அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். நகரமன்ற உறுப்பினர் அவர்களே, உங்கள் பள்ளிப் பேருந்து சனிக்கிழமைகளில் சும்மாதானே நிற்கிறது? பக்கத்தில் இருப்பவர் தயவுசெய்து மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். பேர் கொடுக்கிறவர்களுக்கு வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் கட்டாயம். கிரிக்கெட் மட்டை வேண்டாம்.