பிரென்ட் மணற்கல்: ஒரு பெயரில் ஐந்து பாறைகள்

அவையோருக்கு வணக்கம். எண்ணெய் விலைச் செய்தியில் தினமும் அடிபடும் 'பிரென்ட்' என்பது ஒரு காட்டு வாத்தின் பெயர். வட கடலில், ஷெட்லாந்து தீவுகளுக்கு வடகிழக்கே, சுமார் 140 மீட்டர் ஆழக் கடலுக்கு அடியில் 1971இல் கண்டறிந்த எண்ணெய் வயலுக்கு ஷெல் நிறுவனம் அதைச் சூட்டியது. அங்குள்ள மணற்கல் தொகுதிக்கும் அதே பெயர். அந்தப் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கொண்டே கீழிருந்து மேலாக புரூம், ரானக், எடிவ், நெஸ், டார்பர்ட் என்று அடுக்குகளுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள்!

வயது ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகள், நடு ஜுராசிக். வட கடலின் நடுப்பகுதி மேடாக எழும்பியதால், அங்கிருந்து அரித்து வந்த மணல் வடக்கு நோக்கிக் கழிமுகமாக வளர்ந்தது. புரூம் மட்டும் பக்கவாட்டு மேடுகளிலிருந்து வந்த பருமணல்; கழிமுகத்தோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது பெயரளவில்தான்.

தலைவலி ரானக்கில் தொடங்குகிறது. புயலலை வாரிப்போட்ட நுண்மணல் அது. கிணற்றிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த உள்ளகக் கல்லை வெளிச்சத்தில் சாய்த்தால் அப்ரகத் தகடுகள் வரிவரியாக மினுங்கும். அப்ரகத்தில் காமா கதிர் வீசும் பொட்டாசியம் உண்டு. அதனால் கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் காமா கதிர்ப் பதிவில் நல்ல மணலே, கதிர் அதிகம் வீசும் களிப்பாறை போலத் தெரியும். உள்ளகக் கல்லோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் பதிவை மட்டும் நம்பினால், எண்ணெய் உள்ள பாறையைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவோம்.

அதன்மேல் எடிவ்: சுத்தமான, பருத்த மணல். பல இடங்களில் ஊடுபுகுதிறன், அதாவது திரவத்தைத் தன் வழியே பாயவிடும் திறன், ஒரு டார்சி என்ற அலகைத் தாண்டும்; அது மிக நல்ல அளவு. ரானக், எடிவ் இரண்டுக்கும் நேரே கிணற்றுக் குழாயைத் துளையிட்டு, எண்ணெயைத் தள்ள நீர் செலுத்தினால், நீர் எடிவ் வழியே ஓடி உற்பத்திக் கிணற்றில் முதலில் வந்து நிற்கும். கனம் அதை ரானக்குக்குள் இறக்கப் பார்க்கும்தான். அப்ரக வரிகளும் சுண்ணாம்பு இறுகிய கட்டிகளும் தடுத்துவிடும். ஆகவே நீர் செலுத்தும் கிணற்றில் ரானக்கை மட்டும் துளையிடுவது நல்லது.

நெஸ்ஸில் நிலக்கரி, களி, ஆற்றுக்கால் மணல் எல்லாம் கலந்து கிடக்கும். அருகருகே உள்ள கிணறுகளில்கூட மணல் தொடர்வதில்லை. டார்பர்ட், கடல் மீண்டும் ஏறியபோது படிந்தது.

பின்னாளில் பிளவுகள் இந்த அடுக்குகளைச் சாய்ந்த பாளங்களாக உடைத்தன. கிம்மரிட்ஜ் களிப்பாறையில் பிறந்த எண்ணெய் அவற்றின் உச்சிகளில் தங்கியது. ஆழம் கூடிய பாளங்களில் நூல் போன்ற இல்லைட் களிமம் துளைகளுக்குள் வளர்ந்து வழியை அடைக்கும். ஆய்வகத்தில் கல்லை அடுப்பில் உலர்த்தினால், ஆவியாகும் திரவத்தின் பரப்பு இழுவிசையால் அந்த நூல்கள் மணல் சுவரோடு படிந்துவிடும். ஊடுபுகுதிறன் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அத்தகைய கல்லை ஈரம் காயவிடாமல் வைத்திருந்து, திரவப் பரப்பே உருவாகாத மாறுநிலை உலர்த்தலுக்குப் பிறகே அளக்க வேண்டும்.