நியூபோர்ட்டிலேயே நின்றிருந்தால்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இன்று யு.எஸ். ஓப்பன் எனப்படும் அமெரிக்க தேசிய லான் டென்னிஸ் சாம்பியன்ஷிப்பை வளர்த்தது மரபைக் காத்ததா, மரபை மாற்றியதா என்பது இன்றைய கேள்வி. மாற்றியதுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ரிச்சர்ட் சியர்ஸைத் துணைக்கு அழைத்தார். 1881ல் நியூபோர்ட் ஊரில், கேசினோ என்ற பெயர் கொண்ட கிளப்பின் புல்தரையில் முதல் போட்டி; அன்று தொடங்கி 1887 வரை ஏழு முறையும் அவரே சாம்பியன். இப்படி ஒரு தொடர்ச்சியை மரபுதான் தர முடியும் என்றார். நடுவர் அவர்களே, அந்த ஏழு பட்டங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முதல் மூன்றுக்கும் சியர்ஸ் எல்லோரையும் போல முதல் சுற்றிலிருந்தே ஆடினார், ஒரு செட்கூட இழக்கவில்லை. அந்த ஆட்டத்துக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் 1884ல் விம்பிள்டன் வழக்கத்தைப் பார்த்து சேலஞ்ச் ரவுண்டைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் சுற்றுச் சுற்றாக மோதிக் களைத்து வருவார்கள். நடப்பு சாம்பியன் காத்திருந்து, வென்று வந்தவரோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடுவார். சியர்ஸின் கடைசி நான்கு பட்டங்கள் அப்படி வந்தவை. 1911ல் வில்லியம் லார்னெட் தன் ஏழாவது பட்டத்தைப் பெற்றதும் அதே ஒற்றை ஆட்டத்தில்தான். இதைத்தான் மரபு என்று 28 போட்டிகளுக்குக் காப்பாற்றி வைத்திருந்தார்கள்!

1912ல் அதை நீக்கினார்கள். சாம்பியனும் முதல் சுற்றிலிருந்து ஆட வேண்டும் என்றானது. அந்த ஆண்டு வென்றவர் மாரிஸ் மெக்லாக்லின். கிளப் புல்தரையில் வளர்ந்தவர் அல்லர். சான்ஃபிரான்சிஸ்கோவின் பொதுப் பூங்காத் தரையில் பந்தடித்துப் பழகியவர். 1915ல் போட்டியே நியூபோர்ட்டை விட்டு நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸுக்குப் போனது. கோடைக்கு ஓய்வெடுக்க வரும் செல்வர்களின் ஊரிலிருந்து, ரயிலேறி வந்து யாரும் பார்க்கக்கூடிய ஊருக்கு.

மாற்றியதெல்லாம் நன்மை என்று நான் சாதிக்க மாட்டேன். 1891 முதல் 1901 வரை பெண்களின் இறுதி ஆட்டம் ஐந்து செட்டுக்கு நடந்தது. 1902ல் ஆடும் பெண்களைக் கேட்காமலே மூன்றாகக் குறைத்தார்கள். அது தவறு. அதற்காகப் பழையபடியே இருந்திருக்கலாம் என்று எதிரணி சொன்னால், கறுப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சனை நினைவூட்டுகிறேன். கறுப்பினத்தவர் ஆடக் கூடாது என்று எழுத்தில் எங்கும் விதி இல்லை. ஆனால் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற வேண்டுமானால் தனியார் கிளப்புகள் நடத்தும் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். அந்தக் கிளப்புகள் அவர்களை அழைப்பதே இல்லை. கதவைப் பூட்டாமலே உள்ளே விடாத வித்தை அது. 1950 ஜூலையில் முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் பத்திரிகையில் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார், ஆகஸ்டில் கிப்சன் ஃபாரஸ்ட் ஹில்ஸில் இறங்கினார். இரண்டாம் சுற்றில் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரௌவுக்கு எதிராகக் கடைசி செட்டில் 7-6 என முன்னிலை பெற்றிருந்தபோது இடிமழை வந்தது. மறுநாள் 9-7 என்று தோற்றார். 1957, 1958 இரண்டு ஆண்டும் பட்டம் அவருடையது.

அடுத்து டை பிரேக், அதாவது இழுபறியான செட்டைச் சில புள்ளிகளில் முடிக்கும் முறை. அது வருமுன், இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் நீண்டுகொண்டே போகும். 1968ல் ஆர்தர் ஆஷும் டாம் ஓக்கரும் ஆடிய இறுதி ஆட்டத்தின் முதல் செட் 14-12. ஒரே செட்டுக்கு 26 கேம்! இப்படி இழுத்தால் அடுத்த ஆட்டங்களை எப்போது தொடங்குவது? ஜேம்ஸ் வான் ஆலன் வகுத்த முறையை 1970ல் எடுத்துக்கொண்டார்கள். 6-6 ஆனதும் அதிகபட்சம் ஒன்பது புள்ளிகள், ஐந்தை முதலில் தொட்டவருக்கு செட். ஒருவர் இரண்டு சர்வீஸ், மற்றவர் இரண்டு, பக்கம் மாறி மீண்டும் முதலாமவர் இரண்டு, கடைசி மூன்றும் இரண்டாமவருக்கு. கோளாறு அங்கேதான் இருந்தது. 4-4 என்றால் ஒரே புள்ளியில் செட் முடியும், அதற்கான சர்வீஸும் எப்போதும் இரண்டாமவர் கையில். அதை ஈடுகட்ட, எந்தப் பக்கத்தில் நின்று பந்தை வாங்குவது என்று எதிராளி தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். ஆட்டக்காரர்களுக்கு அது போதவில்லை. 1975ல் ஏழு புள்ளி, இரண்டு வித்தியாசம் என்று திருத்தினார்கள். கடைசி செட்டுக்கும் டை பிரேக் என்பதை இந்தப் போட்டி 1970லேயே ஏற்றது. விம்பிள்டன் அதற்கு வந்தது 2019ல்.

பரிசுப் பணமும் அப்படித்தான். 1972ல் ஆண்கள் சாம்பியன் நாஸ்டாசேவுக்கு 25,000 டாலர், பெண்கள் சாம்பியன் பில்லி ஜீன் கிங்குக்கு 10,000. இது தொடர்ந்தால் வரமாட்டேன் என்று கிங் சொன்ன அடுத்த ஆண்டே இருபாலருக்கும் 25,000 ஆனது.

புல்தரையை விட்டது துரோகம் என்றார் எதிரணித் தலைவர். புல் இரண்டு வாரம் மிதிபட்டால் பின்கோட்டுப் பகுதி மண்ணாகத் தேயும்; பந்து ஓரிடத்தில் சறுக்கும், ஓரிடத்தில் எழவே எழாது. ஆட்டக்காரர்கள் முறையிட்டு முறையிட்டுத்தான் 1975ல் களிமண் வந்தது, 1978ல் நியூயார்க்கிலேயே புது இடமான ஃபிளஷிங் மெடோஸின் கடினத் தரை வந்தது. 1974ல் புல், 1976ல் களிமண், 1978ல் கடினத் தரை என மூன்றிலும் ஜிம்மி கானர்ஸ் வென்றார். தரை மாறியதால் சாம்பியனின் தரம் எங்கே குறைந்தது?

கடைசியாக ஒன்று. 1968ல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் கதவு திறந்தபோது, மரபைக் காக்க விரும்பியவர்களுக்கும் வாய்ப்பு கிடைத்தது. பாஸ்டன் பக்கத்து லாங்வுட்டில் அமெச்சூர்களுக்கு, அதாவது பணத்துக்காக ஆடாதவர்களுக்கு மட்டும் தேசியப் போட்டி தனியே நடந்தது. அதே புல், அதே பழைய விதி. 1968ல் ஆஷ் அதையும் வென்றார், ஓப்பனையும் வென்றார். 1969ல் லாங்வுட்டில் ஸ்டான் ஸ்மித் வென்றார். ஆஷை உலகம் எந்த வெற்றிக்காக நினைவில் வைத்திருக்கிறது, 1970க்குப் பிறகு தேசிய சாம்பியன் என்றால் எந்தப் போட்டியின் சாம்பியன் என்பதற்கு எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.