5.10.0-11 என்று காட்டுகிறதே, டர்ட்டி பைப் என் சர்வரைப் பாதிக்குமா?

அடுத்த கேள்வி: "டர்ட்டி பைப் ஓட்டையை 5.10.102 கெர்னலில் அடைத்துவிட்டார்கள் என்று படித்தேன். என் பழைய சர்வரில் ஓடுவது டெபியன் 11 லினக்ஸ். 'யூநேம் -ஆர்' போட்டால் 5.10.0-11 என்று வருகிறது. நான் மாட்டிக்கொண்டேனா?"

பதறாதீர்கள். டர்ட்டி பைப் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருந்த பாதுகாப்பு ஓட்டை. அது எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்ப்போம். 2022 மார்ச்சில் மேக்ஸ் கெல்லர்மன் என்ற புரோகிராமர் இதை வெளியிட்டார். ரூட் அனுமதி (முழு நிர்வாகி உரிமை) இல்லாத ஒருவர், தான் படிக்க மட்டும் முடிகிற கோப்பையும் இதை வைத்து மாற்றிவிடலாம். ஒரு ஃபிளாக்கை, அதாவது கெர்னல் தனக்கு வைத்துக்கொள்ளும் ஒரு குறியீட்டை, துடைக்காமல் விட்டதுதான் மூலத் தவறு. அது 4.9 கெர்னலிலேயே நுழைந்துவிட்டது, ஆனால் அப்போது அதில் பழைய குப்பை கிடந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. 5.8-இல் பைப் (ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகும் வழி) கோடை மாற்றினார்கள் பாருங்கள், அப்போதுதான் அந்தக் குப்பைக்கு 'இங்கேயே சேர்த்து எழுதலாம்' என்று அர்த்தம் வந்தது. அதனால் 4.19, 5.4 போன்ற பழைய கெர்னல்கள் எல்லாம் தப்பித்தன. இன்னொரு லினக்ஸான உபுண்டு 20.04-ஐப் பாதிக்குமா என்று கேட்டாலும் ஒரே பதில் கிடையாது. அதோடு வந்த 5.4 கெர்னலுக்குப் பாதிப்பில்லை, அதிலேயே 5.13-க்கு மாறியவர்களுக்கு உண்டு.

சரி, உங்கள் டெபியனுக்கு வருவோம். 5.10.102 என்பது மூலக் கெர்னல்காரர்கள் கொடுத்த எண். டெபியன்காரர்கள் அந்த எண்ணுக்குத் தாவவில்லை. தங்களிடம் இருந்த 5.10.92-இலேயே திருத்தத்தை ஒட்டி, 5.10.92-2 என்று வெளியிட்டார்கள். எண் சிறியதுதான், ஆனால் ஓட்டை அடைபட்டது. எண்ணை மட்டும் ஒப்பிட்டு ஓட்டை தேடும் ஸ்கேனர் மென்பொருள்கள் இந்த இடத்தில்தான் தப்பாக அலறுகின்றன.

நீங்கள் பார்த்த 5.10.0-11 என்பது வெறும் பெயர். திருத்தத்துக்கு முந்தைய 5.10.92-1-க்கும், திருத்திய 5.10.92-2-க்கும் அதே பெயர்தான். 'யூநேம் -வி' (uname -v) போடுங்கள். "டெபியன் 5.10.92-2" என்று வந்தால் இந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது. 92-1 என்றால் திறந்தே இருக்கிறது. அப்டேட் போட்டும் 92-1 தான் வருகிறதென்றால் ரீபூட் செய்யவில்லை என்று அர்த்தம், பழைய கெர்னல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம், 92-2 என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு கெர்னலில் எத்தனையோ ஓட்டைகள் வந்துவிட்டன. இன்றைக்கே அப்டேட் போட்டு ரீபூட் செய்துவிடுங்கள்.